இலைக்கு வரும் மீன்

நுழையும்முன்

மீன் வாங்கச் சந்தைக்குச் செல்பவர் கண்ணைப் பார்க்கிறார், செவுளைத் தூக்குகிறார், விரலால் சதையை அழுத்துகிறார், முகர்ந்தும் பார்க்கிறார். அவரே உணவகத்தில் அமரும்போது இவற்றுள் எதையும் செய்ய இயலுவதில்லை. தலை நீங்கி, துண்டாகி, மசாலா பூசி, எண்ணெயில் பொரிந்த மீனே அவர் இலைக்கு வருகிறது. அடையாளங்கள் மறைந்த பின்னும் மீனின் பதத்தை அறிய வழியுண்டா என்னும் வினாவை இப்பாடம் ஆராய்கிறது.

மலைக்கோட்டையும் கடலும்

விழுப்புரம் மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்று வல்லம். அதனை அடுத்துள்ள செஞ்சி, இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த கோட்டையால் புகழ்பெற்றது. 2025ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக இடம்பெற்ற மராத்தியப் போர்க்கோட்டைகளின் தொகுதியில் தமிழ்நாட்டிலிருந்து சேர்க்கப்பட்ட ஒரே கோட்டை இதுவே. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் செஞ்சி அமைந்திருப்பதால், கோட்டை காண வருவோரும் கிரிவலம் செல்வோரும் இவ்வட்டார உணவகங்களில் உண்டு செல்கின்றனர்.

செஞ்சிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவு உண்டு. இத்தொலைவை மீன் எவ்வாறு கடந்தது என்பது தமிழ்நாட்டு உணவு வரலாற்றின் ஒரு பகுதி. நெய்தல் நில மக்கள் மீனையும் உப்பையும் கொடுத்து நெல் பெற்றதைச் சங்க இலக்கியம் பதிவு செய்துள்ளது. ஆயினும் வெயில் மிகுந்த நாட்டில், மாட்டுவண்டியின் வேகத்தில், பச்சை மீன் உள்நாட்டை நெடுந்தொலைவு அடைதல் அரிது. எனவே உள்நாட்டு மக்களுக்குக் கடல்மீன் பெரும்பாலும் கருவாடாகவே கிடைத்தது. பச்சை மீன் வேண்டுவோர்க்கு ஏரியும் குளமும் இருந்தன. விரால் காற்றையும் உயிர்த்து வாழவல்ல மீனாதலால், ஈரத்தில் வைத்தால் கரையிலும் சிறிது நேரம் உயிரோடிருக்கும். துள்ளும் விராலை வாங்குபவர்க்குப் பதத்தைப் பற்றிய ஐயமே எழுவதில்லை.

பனிக்கட்டித் தொழிற்சாலையும் சரக்குந்தும் வந்தபின் இந்நிலை மாறியது. மரக்காணம், புதுச்சேரி, கடலூர்க் கரைகளில் இறங்கும் வஞ்சிரமும் சங்கராவும் சில மணி நேரத்தில் செஞ்சியை அடைகின்றன. தொலைவு சுருங்கியபோது ஒரு புதிய இடைவெளியும் தோன்றியது. மீன் எப்போது பிடிக்கப்பட்டது, எங்கெல்லாம் தங்கியது, எத்தனை முறை பனிக்கட்டி மாற்றப்பட்டது என்னும் செய்திகள் வழியிலேயே நின்றுவிடுகின்றன. மீன் மட்டுமே உணவகத்தை வந்தடைகிறது.

மீனின் உடலில் நிகழ்வது

மீனின் பதத்தை அறிய விரும்புவோர் முதலில் அது கெடும் முறையை அறிதல் வேண்டும். உயிர் நீங்கிய மீனின் தசை சிறிது நேரத்தில் விறைத்துப் பின்னர்த் தளர்கிறது. அதன் உடலிலுள்ள நொதிகளே தசையைச் சிதைக்கத் தொடங்குகின்றன. நெத்திலி, மத்தி போன்ற சிறுமீன்களில் குடலிலுள்ள நொதிகள் வயிற்றுச் சதையை விரைந்து கரைப்பதால், வயிறு வெடித்துக் குடல் வெளிப்படுகிறது. அடுத்த நிலையில், தோலிலும் செவுளிலும் குடலிலும் இருந்த பாக்டீரியாக்கள் தசைக்குள் பெருகுகின்றன.

கடல்மீனின் தசையில் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்னும் மணமற்ற பொருள் உண்டு. பாக்டீரியாக்கள் இதனை டிரைமெத்தில் அமீனாக மாற்றுகின்றன. 'மீன் கவிச்சி' எனப் பலரும் முகம் சுளிக்கும் நாற்றத்திற்கு இதுவே முதன்மைக் காரணம். அப்போது பிடித்த கடல்மீனில் இந்நாற்றம் இராது. கடற்பாசியை ஒத்த மெல்லிய மணமே இருக்கும். நன்னீர் மீன்களில் இவ்வாக்சைடு மிகக் குறைவு. ஆதலின் கெண்டையிலும் கெளுத்தியிலும் இவ்வகை நாற்றத்தைக் கொண்டு பதம் காண இயலாது. அவற்றில் சிலபோது எழும் சேற்று வாடை, நீர்நிலையின் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருளால் வருவது. அது கெட்டதன் அடையாளமன்று. சுறாவிலும் திருக்கையிலும் யூரியா மிகுதி. நாட்பட்டால் அது அம்மோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும்.

இம்மாற்றங்களின் வேகத்தை வெப்பநிலை தீர்மானிக்கிறது. உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையான 0 டிகிரி செல்சியஸில் கெடுவதைக் காட்டிலும், 10 டிகிரியில் மீன் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் கெடுகிறது. செஞ்சியின் கோடைப் பகல் இதனினும் பன்மடங்கு வெம்மையானது. எனவே, 'இன்று வந்த மீன்' என்னும் சொல் முழு உண்மையைக் கூறுவதில்லை. காலையில் பிடித்து, நண்பகல் வரை பனிக்கட்டியின்றிக் கூடையில் கிடந்த மீனைவிட, பிடித்த உடனே எடைக்கு எடை பனிக்கட்டியிட்டு மூன்று நாள் காத்த மீன் நல்ல பதத்தில் இருக்கக்கூடும். மீனின் வயதை நாளால் மட்டும் அளத்தல் பொருந்தாது; வெப்பத்தையும் சேர்த்து அளத்தலே முறை.

சந்தையில் தெரிபவை, சமையலில் மறைபவை

மீன் விற்கும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த அடையாளங்களை அறிவியலும் ஏற்கிறது. நல்ல மீனின் கண் தெளிந்து சற்றே புடைத்திருக்கும்; நாட்படின் குழிந்து வெளிறும். செவுள் செந்நிறமாக இருக்கும். நாட்படின் பழுப்பேறிக் கோழை படியும். அழுத்திய விரலின் பள்ளம் உடனே மறையும். நாட்படின் அப்படியே நிற்கும். செதில் தோலோடு ஒட்டியிருக்கும். நாட்படின் எளிதில் உதிரும். இவற்றுள் ஒன்றை மட்டும் நம்புதல் கூடாது. பனிக்கட்டி நேரடியாகப் பட்டால் நல்ல மீனின் கண்ணும் வெளிறலாம். செவுளுக்குச் சாயம் பூசுவோரும் உண்டு. பல அடையாளங்கள் ஒன்றையொன்று உறுதி செய்யும்போதே முடிவுக்கு வருதல் நன்று.

உணவகத்தில் இவ்வடையாளங்களின் நிலை வேறு. கண்ணும் செவுளும் தலையோடு போய்விடுகின்றன. செதிலைச் சமையற்காரர் நீக்கிவிடுகிறார். மிளகாய்த்தூளின் சிவப்பு சதையின் நிறத்தை மூடுகிறது. வாயிலில் கண்ணாடிப் பேழைக்குள் அடுக்கப்படும் மசாலா தடவிய துண்டுகள் கண்ணைக் கவர்கின்றன. அவை காட்டுவது மசாலாவையே.

நாற்றமும் மறைகிறது. இதற்கு எளிய வேதியியல் விளக்கம் உண்டு. டிரைமெத்தில் அமீன் ஒரு காரம். புளியிலும் எலுமிச்சையிலும் அமிலம் உண்டு. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு உண்டாகும்; அவ்வுப்பு ஆவியாகி மூக்கை அடைவதில்லை. புளி ஊற்றிய குழம்பில் கவிச்சி அடங்குவதும், வறுத்த மீனுக்கு எலுமிச்சைத் துண்டு துணையாவதும் இதனாலேயே. இது நம் முன்னோர் கண்ட நுட்பமான சமையல் அறிவு. நல்ல மீனின் சுவையை உயர்த்தும் அதே புளி, நாட்பட்ட மீனின் குறையையும் மறைக்க வல்லது. ஆகவே குழம்பு மணக்கிறது என்பதால் மீன் நல்லது எனக் கொள்ள இயலாது.

இலையில் செய்யும் தேர்வு

சமைத்த மீனையும் தேர்ந்தறியலாம் என்பதற்குச் சான்று ஸ்காட்லாந்து நாட்டிலுள்ளது. ஆபர்டீன் நகரில் 1929ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டோரி ஆய்வு நிலையம், மீனின் பதத்தை மனிதப் புலன்களால் மதிப்பிடும் முறையை 1950களில் வகுத்தது. மீன்துண்டை மசாலா ஏதுமின்றி ஆவியில் வேகவைத்து, பயிற்சி பெற்றோர் முகர்ந்தும் சுவைத்தும் 10 முதல் 3 வரை மதிப்பெண் வழங்குவர். இனிமையும் கடல் மணமும் உடைய மீன் உயர்ந்த மதிப்பெண் பெறும். பின்னர் அவ்வினிமை குறைந்து, சுவையற்ற நடுநிலை தோன்றும். அதன்பின் புளிப்பும் கசப்பும் தலைகாட்டும். காட் போன்ற குளிர்கடல் மீன்களுக்காக வகுக்கப்பட்டதாயினும், இனிமை, சுவையின்மை, புளிப்பும் கசப்பும் என்னும் வரிசை உண்பவர் மனத்தில் கொள்ளத்தக்கது.

அம்முறையிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. மசாலாவை விலக்கினால்தான் மீன் பேசும். உணவகத்தில் உண்பவர் இதனைத் தம் இலையிலேயே செய்யலாம். வறுவலின் மேற்பொறுக்கை விலக்கி, உட்சதையில் சிறிதளவு எடுத்து, எலுமிச்சை பிழிவதற்கு முன்னரே முகர்ந்தும் சுவைத்தும் பார்த்தல் முதற்படி. நல்ல மீனின் சதை ஈரப்பசையுடன் இதழ் இதழாகப் பிரியும். நாட்பட்ட மீனின் சதை களிபோல் குழையும். நெடுநாள் உறைநிலையில் இருந்ததாயின் நீர் வற்றி நார்போல் உலர்ந்திருக்கும். பின்னது சுவையில் குறைந்ததேயன்றித் தீங்கானதன்று. சிறுமீன்களை முழுதாகப் பொரித்திருந்தால் வயிற்றைக் காணுதல் வேண்டும். தட்டிலுள்ள மீன்கள் பெரும்பாலும் வயிறு கரைந்து சிதைந்திருப்பின், அடுப்பேறுமுன் அவை நெடுநேரம் வெளியில் கிடந்தன எனக் கருத இடமுண்டு. சுறாப்புட்டில் அம்மோனியா நெடி எழுந்தால் உண்ணாமை நன்று. எத்தகைய மீனாயினும் புளிப்பும் கசப்பும் நாவில் பட்டால் மீதியை விலக்குதலே அறிவுடைமை.

உண்பதற்கு முன்னரும் சில தேர்வுகள் உண்டு. துண்டுமீனைவிட முழுமீன் தன்னை மறைத்துக்கொள்வது குறைவு. எனவே முழுதாகக் கிடைக்கும் சங்கராவையோ கிழங்கானையோ கேட்கலாம். மசாலா தடவுமுன் மீனைக் காட்டும் உணவகத்தில் நம்பிக்கையோடு உண்ணலாம். பருவத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அக்காலத்தில் கிடைக்கும் கடல்மீன் நாட்டுப்படகுகள் பிடித்ததாகவோ, மேற்குக் கரையிலிருந்து வந்ததாகவோ, உறைநிலையில் காத்ததாகவோ இருக்கும். அப்பருவத்தில் வல்லம், செஞ்சிப் பகுதியில் உண்பவர், எட்டாத கடலின் வஞ்சிரத்தைவிட அருகிலுள்ள ஏரியின் கெண்டையைத் தேர்வது பொருத்தமாகும்.

வெப்பம் போக்காத நஞ்சு

'நன்றாக வேகவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்பது பரவலான நம்பிக்கை. பாக்டீரியாக்கள் வெப்பத்தில் மடிவது உண்மை. அவை முன்னரே உண்டாக்கிவிட்ட நஞ்சு மடிவதில்லை. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகிய மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. மீன் வெப்பத்தில் கிடக்கும்போது பாக்டீரியாக்கள் அதனை ஹிஸ்டமைனாக மாற்றுகின்றன. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் உறையவைத்தாலும் ஹிஸ்டமைன் அழிவதில்லை.

இந்நஞ்சு மிகுந்த மீனை உண்டவர்க்குச் சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவத்தல், தலைவலி, தோல் அரிப்பு, நெஞ்சுப் படபடப்பு முதலியன தோன்றும். பலர் இதனை மீன் ஒவ்வாமை எனப் பிழையாகக் கருதுவர். ஹிஸ்டமைன் மிகுந்த மீனில் நாற்றமோ நிறமாற்றமோ இல்லாமலும் இருக்கலாம். சிலருக்கு மட்டும் நாவில் மிளகு பட்டாற்போன்ற எரிச்சல் தோன்றும். மிளகும் மிளகாயும் நிறைந்த நம் சமையலில் அவ்வெரிச்சலைப் பிரித்தறிதல் கடினம். ஆகவே இவ்வகை மீன்களைப் பொறுத்தவரை, உண்பவரின் நாவைவிடப் படகிலும் வண்டியிலும் சமையலறையிலும் இடப்பட்ட பனிக்கட்டியே உறுதியான காவல். உண்டபின் மேற்கண்ட அறிகுறிகள் தோன்றினால் தாமதமின்றி மருத்துவரை நாடுதல் வேண்டும். உண்ட மீனின் பெயரையும் நேரத்தையும் அவரிடம் கூறுதல் நன்று.

பார்மலின் தந்த படிப்பினை

2018ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கேரள அரசின் உணவுப் பாதுகாப்புத் துறை 'சாகர் ராணி' என்னும் பெயரில் சோதனை நடத்தியது. எல்லைச் சோதனைச் சாவடிகளில் பிற மாநிலங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான கிலோ மீனில் பார்மலின் கலந்திருப்பது கண்டறியப்பட்டது. பார்மலின் என்பது பார்மால்டிகைடு வளிமம் கரைந்த நீர். உயிரற்ற உடல்களைப் பதப்படுத்தப் பயன்படுவது. உணவில் சேர்க்க அனுமதி இல்லாதது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பார்மால்டிகைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்துள்ளது.

பனிக்கட்டிக்கு ஆகும் செலவைக் குறைக்கச் சிலர் கைக்கொண்ட குறுக்குவழி இது. பார்மலின் பட்ட மீன் கெடாததுபோல் தோன்றும். சதை ரப்பர்போல் விறைத்திருக்கும். மீனுக்குரிய மணமே இராது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதனைக் கண்டறியத் தாள்பட்டைச் சோதனைப் பெட்டியை உருவாக்கியது. பச்சை மீனின்மேல் தாளைத் தேய்த்து, வினைபொருள் துளியை இட்டால், சில நிமிடங்களில் தாளின் நிறமாற்றம் உண்மையைச் சொல்லும்.

அந்நிகழ்வின் மறுபக்கமும் எண்ணத்தக்கது. செய்தி பரவியதும் மக்கள் மீன் என்றாலே அஞ்சினர். அதே ஆண்டு கோவா அரசு வெளிமாநில மீன்வரவைச் சில காலம் தடை செய்தது. குற்றம் செய்தோர் சிலர். அச்சத்தின் சுமையோ, நேர்மையாகப் பனிக்கட்டியிட்டு மீன் கொணர்ந்தோர், கூடை சுமந்து விற்ற பெண்கள் ஆகியோர்மீதும் விழுந்தது. ஆராயாத நம்பிக்கை உண்பவர் உடலைக் கெடுக்கும். ஆராயாத ஐயம் உழைப்பவர் வாழ்வைக் கெடுக்கும். இரண்டையும் விலக்குவது அறிவு ஒன்றே.

கேட்பது உரிமை

மீனைக் குறித்து வினவுதல் உணவகத்தாரை இழிவுபடுத்துவதன்று. 'இது எந்த ஊர் மீன், அண்ணா? இன்று வந்ததா, பெட்டியில் இருந்ததா?' எனப் பணிவோடு கேட்பவர்க்கு நேர்மையான கடைக்காரர் மறைக்காமல் விடை தருவார். 'பெட்டி மீன்தான், தம்பி. ஐஸ் குறையாமல் வைத்திருக்கிறோம்' என்னும் விடை நம்பத்தக்க விடை. 'எல்லாம் புதியதே' எனப் பொதுவாகக் கூறி, மீனின் பெயரையும் ஊரையும் சொல்லத் தயங்கும் இடத்தில் காய்கறி உணவைக் கேட்பது நலம்.

சட்டமும் உண்பவர் பக்கம் நிற்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி, ஒவ்வோர் உணவகமும் பதிவோ உரிமமோ பெற்று, அதன் 14 இலக்க எண்ணைப் பார்வையில் படுமாறு வைத்தல் வேண்டும். அச்சட்டத்தின் 40ஆம் பிரிவு, உணவை வாங்கியவரே உரிய கட்டணம் செலுத்தி அதனைப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தும் உரிமையை வழங்குகிறது. ஆய்வுக்கு அனுப்பும் நோக்கத்தை வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவித்தல் வேண்டும். உணவு தரமற்றது என ஆய்வு உறுதி செய்தால் செலுத்திய கட்டணம் திரும்பக் கிடைக்கும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் முறையிடலாம்.

கரைக்கு அருகில் வாழ்வோர்க்கு மீனின் வரலாறு கண்முன் நிகழ்வது. கடலைக் காணாத ஊரில் உண்பவர்க்கு அது வினவி அறிய வேண்டியது. அவ்வினாவைப் பலர் கேட்கத் தொடங்கும் ஊரில், உணவகத்தார் மீன் தரும் வணிகரைக் கேட்பர். வணிகர் படகுக்காரரைக் கேட்பர். பனிக்கட்டி உரிய அளவில் இடப்படும். இலைமுன் அமர்ந்தவரின் சிறு வினா, இவ்வாறு கடற்கரை வரை சென்று சேரும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் விற்கப்படும் மீன்கள் எங்கிருந்து, எவ்வாறு வருகின்றன என்பதை மீன் விற்போரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.

2. உங்கள் பகுதியில் வழங்கும் மீன்களின் பெயர்களைக் கடல்மீன், நன்னீர்மீன் எனப் பிரித்துத் தொகுக்க.

3. 'ஆராயாத நம்பிக்கையும் ஆராயாத ஐயமும் தீங்கு தரும்' என்னும் கருத்தை, மீன் அல்லாத வேறோர் உணவுப்பொருளைக் கொண்டு விளக்கி வகுப்பில் உரையாற்றுக.